சோதனை டீச்சரும் பீடத்துப் பூக்களும்

என் சித்தி யாரையும் எளிதில் நம்புகிறவள் அல்ல. பால் பாக்கெட்டை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் பிரிப்பாள். கதவைப் பூட்டினால் பூட்டை இழுத்துப் பார்ப்பாள். தெருமுனை வரை போய்விட்டுத் திரும்பி வந்து இன்னொரு தடவை இழுத்துப் பார்ப்பாள். யாராவது அவளிடம் சிரித்துப் பேசிவிட்டால் போதும், அன்று மாலை அம்மாவிடம் விசாரணை நடக்கும்.

"அவ ஏன்க்கா இன்னைக்கு அவ்வளவு பல்லைக் காட்டினா?"

"பல்லு இருக்கு, காட்டினா. உனக்கென்னடி?" என்பாள் அம்மா. அம்மாவுக்குப் பேருந்து டிப்போவில் டிக்கெட் கவுண்டர் வேலை. ஊரிலுள்ள அத்தனை பேரின் அவசரத்தையும் பொய்யையும் ஒரு சின்ன ஓட்டை வழியாகக் கேட்டுக் கேட்டு எதற்கும் அசராதவளாக ஆகிவிட்டாள்.

சித்திக்கு இந்தக் குணம் வந்தது அவளுடைய முதல் வேலையில். ஒரு பெரிய கடையின் வாசலில், வெளியே போகிறவர்களின் பையையும் பில்லையும் ஒத்துப் பார்த்து அனுப்புகிற வேலை அது. பையைப் பார்க்காதே, முகத்தைப் பார் என்று மேற்பார்வையாளர் சொல்லிக் கொடுத்திருந்தார். சித்தி இரண்டையும் பார்த்தாள். முகங்களைவிடப் பைகள்தான் அவளைத் தூங்கவிடவில்லை. ஒரு சீப்புக்கு ஓர் உறை, உறைக்கு ஓர் அட்டை, அட்டைக்கு ஒரு கவர், அந்தக் கவரைப் போட இன்னொரு கவர். இதெல்லாம் வீட்டுக்குப் போய் எங்கே போகும் என்று அவள் கேட்டபோது, மேற்பார்வையாளர், "உன்னை எதுக்கு நிறுத்தியிருக்கோம், எதைப் பாக்குற?" என்றாராம்.

வேலை பார்த்துக்கொண்டே ஆசிரியர் பயிற்சியை முடித்தாள். எங்கள் கிறிஸ்தவ ஆலய வளாகத்திலேயே இருக்கும் பள்ளியில் நாலாம் வகுப்பு கிடைத்தது. அறிவியல், வேதபாடம் இரண்டும் அவள் பொறுப்பு. கொஞ்ச நாளில் எது எந்த வகுப்பு என்று பிள்ளைகளுக்கே தெரியாமல் போனது. கடவுள் மனிதனை மண்ணில் செய்து, அதே மண்ணைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார் என்பதில் இரண்டு பாடமும் இருக்கிறது என்பாள். திங்கள்கிழமை காலையில் வகுப்புக் குப்பைக்கூடையைச் செய்தித்தாளில் கவிழ்த்து, ஒவ்வோர் உறையாகத் தூக்கிப் பிடித்து, "இது யாருது?" என்று கேட்பாள். பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர் சோதனை டீச்சர்.

மண் நமக்கு முன்னால் உண்டானது, ஆகவே அது நமக்கு அண்ணன் என்று ஒரு நாள் சொல்லிவைத்தாள். அது விபரீதமாகப் போனது. ஒரு தகப்பனார் பள்ளிக்கே வந்துவிட்டார்.

"என் பையன் நடுத்தெருவுல நின்னுக்கிட்டு, 'அண்ணன் மேல துப்பாதீங்கப்பா'ன்றான். எல்லாரும் திரும்பிப் பாக்குறாங்க. எனக்கு ஏதுங்க அண்ணன்? நான் ஒத்தப் பிள்ளை."

"துப்பினீங்களா இல்லையா?" என்று கேட்டாள் சித்தி.

அவர் வாயைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

பள்ளிச் சுவருக்கும் ஆலயத்தின் பின்பக்கத்துக்கும் நடுவே கொஞ்சம் மண்தரை இருந்தது. ஓரத்தில் நாலைந்து தக்காளிச் செடிகள், மீதி வெறும் மண். வருடா வருடம் ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலமான லெந்து நாட்கள் தொடங்கும் புதன்கிழமை, சித்தியின் வகுப்பு அங்கே அடக்கம் நடத்தும். ஒவ்வொரு பிள்ளையும் ஒரு குழி தோண்டி ஒரு பொருளைப் புதைத்து, மேலே ஐஸ் குச்சியை நட வேண்டும். இலை, காகிதம், பழத்தோல், துணி, பிளாஸ்டிக் கப், எதுவானாலும் சரி. ஈஸ்டர் முடிந்து பள்ளி திறந்ததும் தோண்டிப் பார்ப்பார்கள். மண் எதை வாங்கிக்கொண்டது, எதை வேண்டாம் என்றது என்பதுதான் பாடம். ஆலயத்தில் சிலருக்கு இது பிடிக்கவில்லை. ஈஸ்டர் சமயத்தில் குழந்தைகள் குழி தோண்டி விளையாடுவதா, செடியையும் மண்ணையும் கும்பிடச் சொல்லிக்கொடுப்பாளோ என்று பேசினார்கள். ஆலயத்துக்கு வராத பெற்றோர்களோ, இந்த மண் பாடத்தை வைத்துத் தங்கள் பிள்ளைகளை மதம் மாற்றப் பார்க்கிறாள் என்று பேசினார்கள். இரண்டு பக்கமும் சந்தேகப்பட்டதில் சித்திக்கு ஒரு திருப்தி இருந்தது என்று நினைக்கிறேன். "ஒரு பக்கம் மட்டும் திட்டினாத்தான் யோசிக்கணும்" என்றாள்.

அந்த மண்தரைக்குத்தான் ஆபத்து வந்தது.

ஆலயக் கமிட்டித் தலைவர் டைல்ஸ் கடை வைத்திருப்பவர். தலையைச் சற்றும் சாய்க்காமல், எதிரே நிற்பவர் கோணலா நேரா என்று பார்ப்பது போலப் பார்ப்பார். சித்தி அவருக்கு ரசமட்டம் என்று, கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் கருவியின் பெயரை வைத்திருந்தாள். லெந்து தொடங்குவதற்கு முன், ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அவர் எழுந்தார்.

"கார்ல வர்றவங்க தெருவுல நிறுத்த வேண்டியிருக்கு. திரும்பிப் போய் உக்காந்தா சீட்டு கொதிக்குது. பின்னால சும்மா கிடக்கிற இடத்துல தரை போட்டுட்டா எல்லா வண்டியும் உள்ளயே நிக்கும்."

"அது சும்மா கிடக்கலைங்க" என்று எழுந்தாள் சித்தி. "வேலை செஞ்சுக்கிட்டிருக்கு. அது சரி, டைல்ஸ் யார் கடையில வாங்குறதா உத்தேசம்?"

போதகர் தொண்டையைச் செருமிக்கொண்டு, ஈஸ்டருக்குப் பிறகு முடிவு செய்யலாம் என்றார். அதோடு உட்கார்ந்திருக்கலாம். எழுந்தது எழுந்தாயிற்று என்று, பீடத்து மேசைமேல் இருந்த பிளாஸ்டிக் லில்லிப் பூக்களைப் பற்றியும் பேசிவிட்டாள். கடவுள் செய்த பூவுக்கு வாடத் தெரியும், வாடாத பூவை அவர் முன்னால் வைப்பது அவரையே திருத்துவது மாதிரி இருக்கிறது என்றாள்.

அந்தப் பூக்களை வாங்கித் தந்தவர் பல் டாக்டரம்மா, இறந்துபோன கணவரின் நினைவாக. அவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னார். "அவர் கட்டில் பக்கத்துல கடைசி வாரம் முழுக்க வாடின பூதான் இருந்துச்சு. யாருக்கும் மாத்தத் தோணல. அதனாலதான் இதை வாங்கினேன்."

சித்தி உட்கார்ந்தாள். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள் என்றும், அதற்குள் பாட்டு தொடங்கிவிட்டது என்றும் பிற்பாடு சொன்னாள்.

லெந்து நாட்கள் தொடங்கின. வகுப்பு அடக்கத்தை நடத்தி, குச்சிகளை நட்டது. அதற்கு அடுத்த ஞாயிறு லில்லிகளைக் காணவில்லை.

மணியடிக்கும் கோயில்பிள்ளைதான் முதலில் பார்த்தார். ஜாடி இருந்தது, பூ இல்லை. ஆராதனை முடிந்து எல்லாரும் கூடி நின்றபோது ரசமட்டம், "இதைத் தேடிக் கண்டுபிடிக்கணுமா என்ன?" என்றார். சித்தியைப் பார்த்தபடிதான் சொன்னார். வெள்ளிக்கிழமைகளில் ஆலயத்து பெஞ்சுகளைத் துடைப்பது நாலாம் வகுப்புப் பிள்ளைகள். துடைக்க வைப்பது சித்தி. ஆகவே அவள் எடுத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் எடுக்கச் சொல்லியிருக்க வேண்டும்.

"ஈஸ்டருக்குள்ள பூ திரும்பி வரணும்" என்றார் அவர். "வரலைன்னா அந்த இடத்துல இனிமே வகுப்பு கிடையாது. திருடக் கத்துக் குடுக்கிறதுக்குப் பள்ளிக்கூடம் எதுக்கு?"

போதகர் மறுக்கவில்லை. சித்தி அன்று சாப்பிடாமல் கூடத்தில் நடந்தாள்.

"யாருன்னு எனக்குத் தெரியும்க்கா."

"யாருடி?"

"கோயில்பிள்ளை. இன்னைக்கு மணியை ரொம்ப மெதுவா அடிச்சாரு. கவனிச்சியா?"

"அவருக்குத் தோள்பட்டை வலி. போன மாசமே சொன்னாரே."

"பூ போறதுக்கு முன்னாடியே எதுக்குச் சொல்லிவைக்கணும்?"

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

மறுநாளிலிருந்து வகுப்பிலும் விசாரணை. திங்கள்கிழமை குப்பைக்கூடையோடு நிறுத்திக்கொள்ளாமல், பைகளையும் திறந்து காட்டச் சொன்னாள். பெஞ்சு துடைத்த பிள்ளைகளை ஒவ்வொருவராக வரவழைத்து முகத்தைப் பார்த்தாள். வாயாடிகளை இரண்டு தடவை பார்த்தாள். பட்டாணி என்று எல்லாரும் கூப்பிடும் ஒரு சின்னப் பெண், பேசவே பேசாதவள், வந்து நின்றபோது, "நீ போம்மா" என்று அனுப்பிவிட்டாள். பிள்ளைகள் ஒருவரை ஒருவர் காட்டிக்கொடுக்க ஆரம்பித்தார்கள். இவன் சிரித்தான், அவள் ஆலயத்துப் பக்கம் பார்த்தாள் என்று தினமும் புகார் வந்தது. தலைமையாசிரியை கூப்பிட்டு, இது வகுப்பா காவல் நிலையமா என்று கேட்டார்.

அதன் பிறகு சித்தியின் சந்தேகம் ஒரே ஆளிடம் போய் நின்றது. பூ காணாமல் போனால் யாருக்கு லாபம்? மண்தரை யாருக்கு வேண்டும்? "கர்த்தரை நம்புறேன்" என்றாள் என்னிடம். "கமிட்டியையும் நம்பணும்னு எங்கயும் எழுதல. கிளம்பு, கடைக்குப் போவோம்."

குளியலறைக்குத் தரை பார்க்க வந்தவர்கள் போல டைல்ஸ் கடைக்குள் நுழைந்தோம். எங்கள் வீட்டுக் குளியலறையில் இரண்டு பேர் சேர்ந்து நிற்க முடியாது. விற்பனைப் பையன் ஒவ்வொரு பலகையாகக் காட்டிக்கொண்டு வர, சித்தி எதையும் பார்க்காமல் பின்பக்கம் நகர்ந்துகொண்டே போனாள். அங்கே மாதிரிக் குளியலறைகள் வரிசையாக இருந்தன. ஒன்றில் கழுவும் தொட்டியின் ஓரத்தில், கண்ணாடி ஜாடியில், வெள்ளை லில்லிகள்.

சித்தி என் மணிக்கட்டைப் பிடித்த வேகத்தில் வளையல் பதிந்துவிட்டது.

"எல்லாக் கடையிலயும் இந்தப் பூ கிடைக்கும் சித்தி" என்றேன் வெளியே வந்ததும்.

"நீயும் அவங்க பக்கமா?"

ஈஸ்டருக்கு முந்தின குருத்தோலை ஞாயிறு. ஆராதனை முடிந்து, கையில் ஓலைகளோடு ஜனங்கள் வெளியேறத் தொடங்கிய நேரம். சித்தி முன் வரிசைக்கு நடந்துபோய், எல்லார் காதிலும் விழும்படி சொன்னாள்.

"ஆலயத்துப் பூ இவர் கடை பாத்ரூம்ல இருக்கு. என் கண்ணால பாத்தேன். என் வகுப்பை மூடறதுக்கு இவரே எடுத்துட்டு, பழியைக் குழந்தைங்க மேல போட்டிருக்கார்."

ரசமட்டத்தின் காதுகள் சிவந்தன. பக்கத்தில் நின்ற அவர் மனைவி கையிலிருந்த ஓலையை மடித்துக்கொண்டே இருந்தார். அவர் கத்துவார் என்று எல்லாரும் நினைத்தோம்.

"கடையில எல்லா பாத்ரூம்லயும் பூ வச்சிருக்கேன், டீச்சர்" என்றார். குரல் சின்னதாக இருந்தது. "வாங்க. எது ஆலயத்துப் பூன்னு காட்டுங்க, எடுத்துட்டுப் போங்க. ஆனா என்னைத் திருடன்னு இதுவரைக்கும் யாரும் சொன்னதில்ல."

பல் டாக்டரம்மா கிட்டே வந்து, "என் பூவுக்குக் காம்பை எல்லாம் சேத்துச் செப்புக் கம்பி சுத்தியிருக்கும். நானே சுத்தினது" என்றார். அன்று மாலையே கோயில்பிள்ளை கடைக்குப் போய்ப் பார்த்தார். எந்தப் பூவிலும் கம்பி இல்லை.

"கம்பியைக் கழட்டியிருப்பாரு" என்றாள் சித்தி. ஆனால் அதைச் சொன்னபோது என் அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

ஈஸ்டர் வந்தது. ஜாடி வெறுமையாகவே இருந்தது. அந்த வாரமே கமிட்டி கூடி முடிவு சொல்லும் என்று அறிவித்தார்கள். பள்ளி திறந்த அன்று, கடைசி முறையாக இருக்கலாம் என்றுதான் சித்தி வகுப்பை மண்தரைக்கு அழைத்துப் போனாள். மண்வெட்டி பிடிக்க என்னைக் கூப்பிட்டிருந்தாள். நாங்கள் தொடங்குவதற்குள் ரசமட்டமும் கடை ஆள் ஒருவரும் அளவு டேப்போடு வந்துவிட்டார்கள்.

"நீங்க பாட்டுக்குத் தோண்டுங்க" என்றார் அவர். "நான் என் வேலையைப் பாக்குறேன்."

"முடிவே ஆகல, அதுக்குள்ள அளக்கறாரு பாத்தியா" என்று சித்தி என்னிடம் முணுமுணுத்தாள்.

பிள்ளைகள் குச்சி குச்சியாகத் தோண்டினார்கள். இலையைக் காணோம். பழத்தோலைக் காணோம். துணி நூல்நூலாக வந்தது. பிளாஸ்டிக் கப் கழுவி வைத்தது போல வந்தது. செடிகளுக்கு அந்தப் பக்கம், சுவரோரத்தில், கணக்கில் வராத ஒரு குச்சி நின்றது. அதை நான்தான் தோண்டினேன். முதலில் செப்புக் கம்பி தட்டுப்பட்டது. பிறகு வெள்ளை இதழ்கள், ஒன்றுகூடக் கசங்காமல்.

டேப் இழுக்கும் சத்தம் நின்றது.

"யார் வச்சது?" என்றாள் சித்தி.

பாடத்தில் பதில் தெரிந்த பிள்ளை போலப் பட்டாணி கையைத் தூக்கினாள். "நான்தான் டீச்சர்."

சித்தி அவள் முன்னால் குந்தி உட்கார்ந்தாள். அப்போதும் அவள் கண் ரசமட்டத்தின் பக்கம் ஒரு தரம் போய் வந்தது. "யாரு செய்யச் சொன்னது? பயப்படாதே. யாரு சொல்லிக் குடுத்தாங்க?"

"நீங்கதான் டீச்சர்."

யாரும் சிரிக்கவில்லை.

"நானா?"

"போன வருஷம் எங்க கிளாஸ் ஜன்னல்லேருந்து பாத்தேன். எல்லாம் அழுகிப்போச்சு. கப்பு மட்டும் அப்படியே வந்துச்சு. இயேசப்பாவும் கல்லறையில அழுகவே இல்லன்னு ஞாயிறு பள்ளியில சொன்னாங்க. அதான், கோயில்ல எதெது கடவுளோடதுன்னு பாக்கலாம்னு..." குழிக்குள் கையை விட்டுத் துழாவினாள். "ஒரு பூதான் எடுக்க நெனச்சேன். கம்பி சுத்தியிருந்துச்சு, பிரியல. மெழுகுவத்தி வச்சேன், இதோ இருக்கு. திருவிருந்து அப்பமும் ஒரு துண்டு வச்சேன் டீச்சர். டப்பாவுல இருந்தது, ஜெபம் பண்ணாதது." துழாவிய கை நின்றது. உதடு கோணிக்கொண்டது. "அப்பம் இல்லவே இல்ல. அப்போ அது கடவுளோடது இல்லையா?"

சித்தி குழியைப் பார்த்தாள். அவளிடம் இத்தனை நாள் இல்லாத ஒரு தயக்கம் வந்திருந்தது. பிறகு ஒரு பிடி மண்ணை அள்ளிப் பட்டாணியின் உள்ளங்கையில் வைத்தாள். தக்காளி வேர் அதற்குள் வெள்ளை நூலாக ஓடியிருந்தது.

"அப்பத்தை இது சாப்பிட்டிருக்கு. அப்பம் அதுக்குத்தானே? பூவை யாரும் சாப்பிட முடியல. அது சும்மா கிடந்துச்சு. நாம தோண்டலைன்னா இன்னும் அங்கயேதான் கிடக்கும்."

பட்டாணி யோசித்தாள். "இயேசப்பாவை யாரும் தோண்டல."

"இல்ல" என்றாள் சித்தி. "தோண்டல."

நிமிர்ந்தபோது ரசமட்டம் பக்கத்திலேயே நின்றிருந்தார். எல்லாம் கேட்டிருந்தார். டேப்பைச் சுருட்டிக்கொண்டு ஒரு வார்த்தையும் பேசாமல் போனார். அதுதான் சித்தியை வாட்டியது. பேசியிருந்தால் பதில் சொல்லியிருப்பாள்.

"கமிட்டியில குழந்தை பேரைச் சொல்லிடுவாருக்கா. அதுக்காகத்தான் வாயை மூடிக்கிட்டுப் போறாரு. அப்பத்தைத் தொட்டுச்சுன்னு சொன்னா விடுவாங்களா? பள்ளிக்கூடத்தை விட்டே அனுப்பிடுவாங்க."

"நீ முதல்ல மன்னிப்புக் கேளு" என்றாள் அம்மா. "சந்தேகத்தை அப்புறம் படு."

கமிட்டி கூடியது. சபையாராகிய நாங்களும் உட்கார்ந்திருந்தோம். மண் ஒட்டிய லில்லிகள் மேசைமேல் கிடந்தன. சித்தி எழுந்து, முன்பு எந்த இடத்தில் நின்று பழி சொன்னாளோ அதே இடத்துக்குப் போனாள்.

"எல்லார் முன்னாலயும் இவரைத் திருடன்னு சொன்னேன். அது பொய். மன்னிக்கணும். பூவை எடுத்தது என் வகுப்பு. அதுக்குக் காரணம் நான் சொல்லிக் குடுத்த விதம். எந்தக் குழந்தைன்னு கேக்காதீங்க, சொல்ல மாட்டேன்."

"அதெப்படி?" என்றார் ஒருவர். "தலைவரே, நீங்க அங்கதானே இருந்தீங்க? யாரு?"

சித்தி கண்ணை மூடிக்கொண்டாள்.

"நான் அளந்துக்கிட்டிருந்தேன்" என்றார் ரசமட்டம். "அளக்கும்போது நான் வேற எதையும் கவனிக்கிறதில்ல." பிறகு, "அந்த இடம் பார்க்கிங்குக்குச் சரிப்படாது. வண்டி திரும்பாது. அப்படியே விட்டுடலாம்" என்றார்.

"ஏன்?" என்று கேட்டுவிட்டாள் சித்தி. எனக்குத் தரைக்குள் போய்விடலாம் போலிருந்தது. "எதுக்கு விட்டுக் குடுக்கிறீங்க?"

"டீச்சர்" என்றார் அவர், அலுத்துப்போய். "குடுத்தா வாங்கிக்கவே மாட்டீங்களா?"

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். பல் டாக்டரம்மா மட்டும் ஒன்று கேட்டார். பூக்களைச் சித்தியே கழுவி, அவள் கையாலேயே ஜாடியில் வைக்க வேண்டும். சித்தி சரி என்றாள்.

சனிக்கிழமை காலை சமையலறைக் குழாயடியில் பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் ஒவ்வோர் இதழாகத் தேய்த்தாள். தேய்த்தபடியே பேசினாள்.

"வண்டி திரும்பாதாம். நான் பாத்தேனே, லாரியே திரும்பும். ஏதோ இருக்குக்கா. வேற எதையோ மனசுல வச்சிருக்காரு."

"ஒண்ணும் இல்லடி. விட்டுட்டாரு, அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா? நான் சொன்ன பேச்சுக்கு யாராவது சும்மா விடுவாங்களா?"

"விட்டுட்டாரே. என்ன செய்யப் போற?"

சித்தி கம்பிக்குள் புகுந்த மண்ணை நகத்தால் நோண்டிக்கொண்டிருந்தாள்.

ஞாயிறு அன்று நாங்கள் முன்னதாகவே போனோம். அவள் பூக்களை ஜாடியில் வைத்தாள், கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தாள், ஒரு காம்பை நேராக்கினாள். பல் டாக்டரம்மா வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

ஆராதனை முடிந்து வெளியே வந்தால், தெருவில் உச்சி வெயிலில் ரசமட்டத்தின் கார் நின்றுகொண்டிருந்தது. சித்தி அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். குனிந்து கண்ணாடி வழியே உள்ளேயும் பார்த்தாள்.

"என்ன சித்தி தேடுறீங்க?"

"ஒண்ணுமில்ல" என்றாள். ஒன்றும் இல்லைதான். உள்ளே ஒரு குடையும், வெயிலில் சூடேறிய இருக்கைகளும் மட்டும் இருந்தன. அவர் வருவதற்குள் சித்தி என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வேகமாக நடந்தாள்.